பிள்ளைகளும் கவிதையும்



பாட்டைக் கேட்டு மகிழாத குழந்தை உலகில் இல்லை. ஏணையிற் கிடக்கும் குழந்தை, சொல்லின் பொருளை அறியாமலே தாலாட்டின் ஓசையில் அழுகையை மறக்கின்றது. நடைபயிலும் குழந்தை கைகொட்டி ஆடுகின்றது. ஆனால், அதே குழந்தை பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பாடசாலையிற் பயின்று வெளியேறும்போது, 'நீ விரும்பி வாசிக்கும் செய்யுள் யாது?' என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் விடை கூறமாட்டார்கள். சிலர், 'செய்யுள் பரீட்சைக்கு உரியதன்றோ?' என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். பிறக்கும்போது உடன் வந்த ஒரு செல்வம், படிக்கப் படிக்கக் குறைந்து போவது எங்ஙனம்? கவிதையின் இலக்கணத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவே வேண்டாமா? வேண்டுமாயின் அதை எப்போது தொடங்குவது? இவ்வினாக்களையே இன்றைய பேச்சுக்கு எடுத்துக்கொண்டேன்.

இவை ஆசிரியர்களுக்கு மாத்திரம் உரிய வினாக்கள் என்று எவரும் எண்ணிவிடலாகாது. தமிழ் நூல்களிற் பெரும் பகுதி செய்யுளாகவே இருக்கின்றது. காப்பியமும் பக்திப் பாடலும் மாத்திரமல்ல, இலக்கணம், நிகண்டு, மருத்துவம், சோதிடம் ஆகியனவுங்கூடச் செய்யுளிலேயே இயற்றப்பெற்றன. ஆகவே, செய்யுளைக் கண்டு அஞ்சும் பிள்ளை ஒரு பாடத்தை மாத்திரம் இழப்பதில்லை. தன் முன்னோர் கட்டிய வீட்டின் முன்வாசலிலேயே நின்றுவிடுகின்றது. உள்ளே இருப்பவை யாவும் அதற்குப் பிறர் சொல்லக் கேட்கும் செய்திகளாகவே முடிகின்றன.

முதலில், பாடசாலைக்கு வரும் பிள்ளை எதைக் கொண்டு வருகின்றது என்பதைச் சிந்திப்போம். எழுத்தறிவு கொண்டு வருவதில்லை. ஆனால் ஓசையறிவு நிரம்பவும் கொண்டு வருகின்றது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஊஞ்சற் பாட்டையும், மட்டக்களப்புப் பிள்ளை வசந்தன் பாட்டையும் நாட்டார் கவியையும், கரையோரத்துப் பிள்ளை வலையிழுப்போர் பாடும் அம்பாப் பாட்டையும், மலையகத்துப் பிள்ளை கொழுந்து பறிப்போர் பாடிய பாட்டையும் கேட்டு வளர்ந்த காலம் ஒன்று இருந்தது. அந்த வாய்ப்பு இன்று குறைந்துவிட்டதாயினும், ஓசையைப் பற்றிக்கொள்ளும் ஆற்றல் பிள்ளையைவிட்டு நீங்கவில்லை. சினிமாப் பாட்டின் தாளத்தை மூன்று வயதுக் குழந்தை பிடித்துக்கொள்வதை நாம் காணவில்லையா?

இந்த ஓசையறிவே யாப்பிலக்கணத்தின் வித்து. தொல்காப்பியர் எழுத்தின் அளவைக் கூறவந்தபோது, கண் இமைக்கும் நேரத்தையும் கை நொடிக்கும் நேரத்தையுமே அளவையாகக் கொண்டார். குற்றெழுத்துக்கு ஒரு மாத்திரை, நெட்டெழுத்துக்கு இரண்டு, மெய்யெழுத்துக்கு அரை. உடம்பினாலேயே அளந்தறியத்தக்க ஒன்றை அவர் இலக்கணமாக வகுத்தார். கண்ணும் கையும் அறிந்ததைப் பின்னர் கருத்தும் அறிவதே இயல்பான முறை. இம்முறையைத் தலைகீழாக்கி, கருத்தினால் அறிந்ததைப் பின்னர் செவி அறியட்டும் என்று நாம் விடுவதனாலேயே இடர்ப்பாடு தோன்றுகின்றது.

முற்காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தை இங்கே நினைவு கூர்தல் தகும். அங்கே ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி என்பன முதலில் வந்தன. பின்னர் நிகண்டு வந்தது. யாவும் மனனம். பொருள் விளங்காமலே பாடமாக்குவித்தனர் என்று அம்முறையை இகழ்வார் உளர். அவ்விகழ்ச்சியில் உண்மை இல்லாமல் இல்லை. பிரம்புக்கு அஞ்சிப் படித்த பாட்டு எல்லோருக்கும் இனித்திராது. எனினும் அம்முறையில் ஒரு நன்மை இருந்தது. பிள்ளை பாட்டைக் கண்ணாற் காணுமுன் செவியாற் கேட்டது, வாயாற் சொன்னது, பலரோடு சேர்ந்து ஒரே குரலில் ஓதியது. யாப்பு நூலைத் தொடுவதற்கு முன்னரே நூற்றுக்கணக்கான அடிகள் அதன் நாவில் இருந்தன. இன்று நாம் பிரம்பைக் கைவிட்டோம், அது நன்று. அதனோடு ஓசையையும் கைவிட்டோம், அது நன்றன்று.

இன்றைய வகுப்பில் அடிக்கடி நிகழ்வது யாது? ஆசிரியர் செய்யுளை ஒரு முறை விரைந்து வாசிக்கின்றார். உடனே அரும்பதங்களுக்குப் பொருள் எழுதுவிக்கின்றார். பின்னர் பொழிப்பு, அதன்பின் 'இச்செய்யுளால் அறியப்படும் நீதி யாது?' என்ற வினா. பிள்ளை அந்த நீதியை எழுதிப் புள்ளி பெறுகின்றது. செய்யுளோ, உரித்தெறிந்த பழத்தோலைப் போலக் கிடக்கின்றது. நீதியைச் சொல்வதுதான் நோக்கமாயின் அதை உரைநடையிற் சொல்லியிருக்கலாம். புலவர் ஏன் வருந்திச் செய்யுள் செய்தார் என்ற ஐயம் பிள்ளைக்கு எழுமாயின், அதற்கு அந்தப் பாடத்தில் விடை கிடையாது.

மகாகவி இரவீந்திரநாத் தாகூர் 1912ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்த தமது வாழ்க்கை நினைவுகளில் ஒரு செய்தியைக் குறிப்பிடுகின்றார். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பருவத்தில், மழை பெய்வதையும் இலை அசைவதையும் கூறும் ஒரு சிறு வங்காள அடியை அவர் படித்தார். அதுவரை தனித்தனி எழுத்துகளோடு மல்லாடிக்கொண்டிருந்த சிறுவனுக்கு, அந்த இயைபுத் தொடை அன்று முழுவதும் உள்ளத்தில் ஒலித்துக்கொண்டே இருந்ததாம். சொல் முடிந்த பின்னும் ஓசை முடியாமல் நிற்பதே கவிதையில் இயைபின் பயன் என்று பிற்காலத்தில் அவர் உணர்ந்தார். அச்சிறுவனுக்கு எவரும் யாப்புச் சொல்லவில்லை. ஆனால் யாப்பு செய்யவேண்டிய தொழிலை அவன் செவியில் அது செய்துவிட்டது.

நம் நாட்டிலும் இதற்குத் தக்க சான்று உண்டு. நவாலியூர் சோமசுந்தரப் புலவர், 1878 முதல் 1953 வரை வாழ்ந்தவர். 'தங்கத் தாத்தா' என்று பிள்ளைகளால் அன்போடு அழைக்கப்பெற்றவர். ஆடிப்பிறப்பைப் பற்றியும் கத்தரித் தோட்டத்து வெருளியைப் பற்றியும் அவர் பாடிய பாடல்களை அறியாத யாழ்ப்பாணத்துப் பிள்ளை அரிது. அதே புலவர் 'கதிரைச் சிலேடை வெண்பா' என்னும் நூலையும் பாடியவர். சிலேடை வெண்பா என்பது ஒரு தொடரிலேயே இரு பொருள் அமையுமாறு, வெண்பாவின் கட்டுக் குலையாமற் பாடும் கடினமான வித்தை. அவ்வித்தையிற் கைதேர்ந்தவர் பிள்ளைகளுக்குப் பாடியபோது அதை வெளியே காட்டினாரல்லர். உள்ளே வைத்துப் பாடினார். பிள்ளைக்குக் கூழும் கொழுக்கட்டையும் தெரிகின்றன; வெருளியின் கோலம் தெரிகின்றது. எதுகையும் சீரும் வேலை செய்வது தெரிவதில்லை. சமைத்தவர் அடுப்பைத் திறந்து காட்டவில்லை, உணவைப் பரிமாறினார். கற்பிக்கும் நமக்கும் அதுவே வழி.

அங்ஙனமாயின், சிறு வகுப்புகளிற் செய்யத்தக்கது என்ன? ஐந்து வயது முதல் எட்டு ஒன்பது வயது வரை, கேட்டலும் சொல்லலும் ஆடலுமே போதும். ஆசிரியர் பாட்டை முதலில் தாமே நன்றாகச் சொல்லிக் காட்டல் வேண்டும். ஒரு முறையன்று, இரண்டு மூன்று முறை. இடையில் எந்த விளக்கமும் கூறலாகாது. பின்னர் பிள்ளைகள் சேர்ந்து சொல்லட்டும், கைகொட்டட்டும், ஒரு பகுதியார் ஓரடியும் மற்றப் பகுதியார் அடுத்த அடியுமாக மாறி மாறிச் சொல்லட்டும். பொருள் விளங்காத சொல் ஒன்றிரண்டு இருப்பின், அதைச் சொல்லாற் கூறுவதிலும் பொருளாற் காட்டுதல் மேல். ஆடிப்பிறப்புப் பாட்டை ஆடி முதலாந் திகதியையொட்டிச் சொல்லிக் கொடுங்கள். மழைப் பாட்டை மாரி காலத்திற் சொல்லுங்கள். பட்டப் பாட்டைத் தைப்பொங்கற் காலத்து வாடைக்காற்று வீசும்போது, விண் பூட்டிய பட்டம் வானிற் கூவும்போது சொல்லுங்கள். அப்போது உரையாசிரியர் வேண்டியதில்லை. காற்றே உரை கூறும்.

இனி, இலக்கணம் எப்படி நுழைகின்றது என்பதை ஒரு சிறு பாட்டை வைத்து விளக்க முயல்வேன். இந்தப் பேச்சுக்கென்றே கட்டிய நான்கு அடிகள் இவை:

பட்டம் ஏறுது வானத்தில்
கிட்ட நிற்குது வெண்மேகம்
எட்டிப் பார்க்குது தென்னோலை
கட்டி விட்டவன் யாரண்ணா?

இது பெருங்கவிதை அன்று. ஆனால் ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகள் இதைச் சில முறை சொல்லிப் பழகியபின், ஆசிரியர் ஒரு விளையாட்டுச் செய்யலாம். 'கிட்ட நிற்குது' என்பதற்குப் பதிலாக 'அருகில் நிற்குது' என்று வேண்டுமென்றே மாற்றிச் சொல்லட்டும். பொருள் மாறவில்லை. ஆயினும் வகுப்பில் நாலைந்து பிள்ளைகளாவது, 'பிழை, பிழை' என்று கூவுவார்கள். 'என்ன பிழை? கிட்ட என்றாலும் அருகில் என்றாலும் ஒன்றுதானே?' என்று ஆசிரியர் கேட்கட்டும். பிள்ளைகள் சிந்திப்பார்கள். 'பட்டம், கிட்ட, எட்டி, கட்டி. எல்லாவற்றிலும் அந்த ட் வருகுது' என்று ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும். அந்தக் கணத்திலேயே, 'இதற்கு எதுகை என்று பெயர்' என்று சொல்லிவிடலாம். பிள்ளை தான் கண்ட ஒன்றுக்கு ஆசிரியர் பெயர் சூட்டினார். இதுவே இலக்கணம் நுழையும் வாயில்.

அடுத்த நாள், 'வானத்தில்' என்பதை 'ஆகாயத்தில்' என்று மாற்றிப் பாருங்கள். கைகொட்டிக்கொண்டு சொல்லும் பிள்ளைகள் அந்த இடத்தில் தடுக்கி விழுவார்கள். 'ஏறுது' என்ற பேச்சு வழக்கைத் திருத்தி 'ஏறுகின்றது' என்று சொல்லிப் பாருங்கள். அங்கும் அடி நீண்டு தள்ளாடும். ஏன்? வா-னத்-தில் என்பது மூன்று அசை. ஆ-கா-யத்-தில் என்பது நான்கு அசை. ஏ-றுது என்பது இரண்டு. ஏ-றுகின்-றது என்பது மூன்று. செவி முதலிலேயே எண்ணிவிட்டது. நாம் பின்னர் எண்ணுகின்றோம். ஒவ்வோரடியும் தேமா, கூவிளம், தேமாங்காய் என்னும் மூன்று சீரால் அமைந்திருப்பதையும், மூன்று சீர் கொண்ட அடிக்குச் சிந்தடி என்று பெயர் உண்டு என்பதையும் மேல் வகுப்பிற் கூறலாம். கீழ் வகுப்பில் தடுக்கி விழுந்ததை உணர்ந்தாலே போதும்.

மூன்றாம் நாள், பிள்ளைகளையே ஓரடி சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு பிள்ளை, 'வட்டம் அடிக்குது வால்நீட்டி' என்று சேர்க்கலாம். எதுகை அமைந்துவிட்டது. 'வட்டம்', 'வால்' என்று முதலெழுத்தும் ஒன்றிவந்து மோனை தானாகவே அமைந்துவிட்டது. கூவிளம் நின்ற இடத்தில் 'அடிக்குது' என்ற கருவிளம் வந்திருக்கின்றது, ஓசை கெடவில்லை. இலக்கணம் அறியாத அப்பிள்ளை, விளச்சீருக்கு விளச்சீர் ஈடாகும் என்ற நுட்பத்தைத் தன் செவியினாற் கண்டுகொண்டது. 'நீ செய்ததற்கு இன்னின்ன பெயர்' என்று பிற்காலத்தில் ஆசிரியர் கூறும்போது, பிள்ளைக்கு யாப்பு அந்நியமாகத் தோன்றாது. தன் வீட்டுப் பொருளாகவே தோன்றும்.

இங்கே ஒரு முக்கியமான செய்தியைக் கவனித்தல் வேண்டும். யாப்பருங்கலக் காரிகை முதலிய நூல்கள் செய்யுளின் உறுப்புகளை எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்ற வரிசையிற் கூறுகின்றன. சிறியதிலிருந்து பெரியதற்குச் செல்லும் அவ்வரிசை, அறிந்தவர் தாம் அறிந்ததை ஒழுங்குபடுத்துவதற்கு மிகப் பொருத்தமானது. ஆனால் பிள்ளையின் செவி அதற்கு மறுதலையான வரிசையிலேயே உணர்கின்றது. முதலில் தொடையைக் கேட்கின்றது, பின்னர் அடியின் அளவை உணர்கின்றது, அதன்பின் சீர், அதன்பின்னரே அசை. எழுத்தின் மாத்திரை நுட்பமும் தளையும் இறுதியாக விளங்குவன. ஆகவே, நூல் முடியும் இடத்தில் ஆசிரியர் தொடங்குதல் வேண்டும். நூலின் முதற் பக்கத்திலேயே தொடங்கி, நேரசைக்கும் நிரையசைக்கும் வரைவிலக்கணம் எழுதுவித்தால், பிள்ளை இரண்டாம் பக்கத்திலேயே களைத்துவிடும்.

நம் பழைய ஆசிரியர்கள் இதை அறியாதவர் அல்லர். அவர்கள் சீர்களுக்கு இட்ட பெயர்களைப் பாருங்கள். தேமா, புளிமா, கருவிளம், கூவிளம். நேர்நேர் என்பதற்குப் பெயர் தேமா. அப்பெயரே நேர்நேராக ஒலிக்கின்றது. நிரைநேருக்குப் பெயர் புளிமா. அப்பெயரும் நிரைநேராகவே நிற்கின்றது. வெண்பாவின் ஈற்றுச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று வாய்பாடு அமைத்தார்கள். ஒவ்வொன்றும் தன் இலக்கணத்தைத் தானே சொல்லிக் காட்டுகின்றது. பெயரும் எடுத்துக்காட்டும் ஒன்றாக அமைந்த இத்தகைய கலைச்சொற்கள் செவியால் கற்பதற்கென்றே ஆக்கப்பட்டவை. காரிகை ஆசிரியராகிய அமிதசாகரர், ஒரு பெண்ணை முன்னிறுத்திப் பேசுவதுபோலவே தம் நூலை இயற்றினார். யாப்பிலக்கணத்தையே பாட்டாகப் பாடினார். அவர்கள் தந்த இனிய கருவியை வெறும் அட்டவணையாக்கிக் கரும்பலகையில் எழுதியவர்கள் நாமே.

அப்படியானால் எந்த வயதில் இலக்கணம் தொடங்குவது? வயதை மாத்திரம் வைத்து விடை கூறுதல் இயலாது. எனினும் பொதுவாக, எதுகை மோனைகளின் பெயரை ஒன்பது பத்து வயதிலும், அடியையும் சீரையும் பதினொன்று பன்னிரண்டு வயதிலும், அசை பிரித்தலையும் தளையையும் பதினான்கு வயதளவிலும் தொடங்கலாம் என்பது என் கருத்து. இவற்றினும் சிறந்த அடையாளங்கள் மூன்று உள. முதலாவது, பிள்ளை இருபது பாட்டுகளையாவது நூலைப் பாராமல் விருப்பத்தோடு சொல்லுதல். இரண்டாவது, ஆசிரியர் ஒரு சொல்லை மாற்றிச் சொல்லும்போது செவியினாலேயே பிழையை உணர்தல். மூன்றாவது, 'இது ஏன் இனிக்கின்றது?' என்ற வினாவைப் பிள்ளையே ஏதேனும் ஒரு வடிவிற் கேட்டல். இவை மூன்றும் தோன்றியபின் இலக்கணம் சொன்னால், அது பசித்தவனுக்கு இட்ட சோறு ஆகும். தோன்றுமுன் சொன்னால், உண்ண மறுப்பவன் வாயில் திணித்தது ஆகும்.

இதற்கு மறுப்புக் கூறுவோர் இரு திறத்தினர். ஒரு சாரார், 'சிறு வயதிற் பதியாத இலக்கணம் பின்னர் ஒருபோதும் பதியாது' என்பர். சிறு வயதிற் பதியவேண்டியது ஒன்று உண்டென்பதை நானும் ஒப்புகின்றேன்; ஆனால் அது வரைவிலக்கணம் அன்று, ஓசை. ஓசை பதிந்த உள்ளத்தில் இலக்கணத்தைப் பதினைந்து வயதிலும் எழுதலாம். ஐம்பது வயதிலும் எழுதலாம். ஓசை பதியாத உள்ளத்தில் ஐந்து வயதில் எழுதினாலும் அது நீர்மேல் எழுத்தே.

மற்றொரு சாரார், 'புதுக்கவிதை பரவிவிட்ட இக்காலத்தில் யாப்பு எதற்கு? பிள்ளைகள் உணர்ந்ததை உணர்ந்தபடி எழுதட்டும்' என்பர். பிள்ளைகள் எழுதட்டும், அதைத் தடுப்பார் எவருமில்லை. ஆனால் யாப்பை அறவே விலக்கிவிடுதலும் ஒருவகைக் கொடுமையே. இசையை விரும்பும் பிள்ளைக்குச் சுரத்தின் பெயரை மறைப்பவர் எவரேனும் உளரா? மேலும், யாப்பறிவு பாட்டுக் கட்டுவோருக்கு மாத்திரம் உரியதன்று; படிப்போருக்கும் வேண்டியது. பழஞ்செய்யுளை எங்கே நிறுத்தி, எங்கே சேர்த்து வாசிப்பது என்பதைச் சீரறிவே காட்டுகின்றது. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். அவரைப் போன்றோர் கையில் எடுத்த ஏடுகள் பலவும் செல்லரித்தவை, ஒடிந்தவை. சொல் சிதைந்த இடங்களில், எதுகை எதை வேண்டுகின்றது, சீர் எத்தனை அசையைக் கேட்கின்றது என்று ஆராய்வதும் பதிப்பாசிரியருக்கு வழிகாட்டுவதாகும். பதினான்கு வயது மாணவனுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். தளையும் தொடையும் வெறும் பரீட்சை வினாவாக இராமல், இழந்த பொருளைத் தேடும் விளக்காக அவனுக்குத் தோன்றும்.

யாப்பு பேச்சுக்குப் பகை என்ற எண்ணமும் தவறானது. 1927 முதல் 1971 வரை வாழ்ந்த நம் நாட்டுக் கவிஞர் 'மஹாகவி' உருத்திரமூர்த்தி, மரபுச் செய்யுளின் கட்டுக்குள்ளேயே அன்றாடப் பேச்சின் ஓசையைக் கொண்டுவந்தார். யாப்பை நன்கு அறிந்தமையாலேயே அவரால் அதை வளைக்க முடிந்தது. மேல் வகுப்பு மாணவர்க்கு இத்தகைய கவிதைகளை வாசித்துக் காட்டினால், இலக்கணம் என்பது விலங்கன்று, பயின்ற கைக்கு அடங்கும் கருவி என்பதை அவர்கள் தாமே உணர்வார்கள். கவிதையை எவ்வாறு நயப்பது என்பதை விளக்கி, க. கைலாசபதியும் இ. முருகையனும் சேர்ந்து எழுதிய 'கவிதை நயம்' என்னும் நூல் 1970இல் வெளிவந்தது. அத்தகைய நூல்களை ஆசிரியர்கள் தாமும் படித்துப் பயன் கொள்ளலாம்.

இறுதியாக, பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் சில சொற்கள். வீட்டில் இரவு உணவுக்குப் பின் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு பாட்டைச் சொல்லுங்கள். பேர்த்தி கேட்கப் பாட்டி சொன்னால் இன்னும் நன்று. பிள்ளை சொல்லும்போது பிழை திருத்துவதற்கு விரையாதீர்கள். ஆசிரியர்களே, கிழமைக்கு ஒரு பாடவேளையையாவது வினாவும் புள்ளியும் இல்லாத கவிதை வேளையாக வையுங்கள். அந்த வேளையிற் சொன்ன பாட்டைப் பரீட்சைக்கு எடுக்கமாட்டீர்கள் என்று பிள்ளைகளுக்கு உறுதி கூறுங்கள், அவ்வுறுதியைக் காப்பாற்றுங்கள். எதுகையின் வரைவிலக்கணத்தை மறந்த பிள்ளைக்கு அதை ஒரு மணி நேரத்திற் கற்பித்துவிடலாம். கவிதையை வெறுத்துவிட்ட பிள்ளையை மீண்டும் அதன்பால் அழைத்துவருதலோ பல ஆண்டுகளாலும் முடியாத காரியம். எதை முதலிற் காப்பது என்பதை நாமே தெரிந்துகொள்ளலாம்.